யானைக்காவல் கதை, 16 பக்கம்: சொந்தமாக அச்சடித்துக் கொழும்பு மேசைக்குக் கொண்டுபோவது எப்படி?

இரணைமடு_நிழல்

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்கிறேன், இறுதி ஆண்டு. ஊர் கிளிநொச்சி. எங்கள் வகுப்பில் வன்னிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு சித்திரக்கதை கீறி, சொந்தக் காசில் அச்சடித்து, கொழும்பில் நடக்கும் கொமிக் கொன் என்ற சித்திரக்கதை விழாவில் ஒரு மேசை எடுத்து விற்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். நாலு பேருக்கும் இது முதல் தடவை.

என்னுடைய கதை ஒரே ஒரு இரவு. காலபோக நெல் கதிர் முற்றிய வயலில் அம்மப்பாவும் பேத்தியும் யானை இறங்காமல் காவல் இருக்கிறார்கள். பரணில் ஒரு லாந்தர், கீழே நெருப்புக்கட்டை, பையில் யானைவெடி. விடியுமட்டும் என்ன நடக்கிறது என்பதுதான் கதை. 16 பக்கம், ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை. பென்சில் வேலை முடிந்து மை போடத் தொடங்கியிருக்கிறேன். மாதிரிக்கு ஒரு பக்கத்தை இங்கே போட்டிருக்கிறேன்.

நாங்கள் கேட்க நினைப்பவை: எத்தனை பிரதி அடிக்கலாம், என்ன விலை போடலாம்? கொழும்பில் விற்பதென்றால் ஆங்கிலத்தில்தான் போடவேண்டுமா? அப்புறம், கண்டவர் எல்லோரும் "வன்னிப் பிள்ளைகள் போர்க்கதை அல்லவா கீறவேண்டும்" என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மேசைக்காரன் (வவுனியா)

தங்கச்சி, நல்ல முடிவு. கொழும்பில் மேசை போட்டு விற்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

லங்கா கொமிக் கொன் 2015இல் தொடங்கியது. இப்படியான நிகழ்வுகளில் ஓவியர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்குவார்கள். மேசைக்கான அறிவிப்பு வந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். நாலு பேருக்கு ஒரு மேசை தாராளம். இரண்டு பேர் இருந்து விற்க, மற்ற இரண்டு பேர் மற்றவர்களின் மேசைகளைப் பார்த்து வரட்டும். அங்கே நீங்கள் படிக்கப்போவது விற்பனைக் காசை விடப் பெறுமதியானது.

பிரதி 50 போதும். அச்சுக்காரர் "200 அடித்தால் மலிவு" என்பார். உண்மைதான், ஆனால் விற்காத 150 பிரதியை மழைக்காலத்தில் வீட்டில் எங்கே வைப்பீர்கள்? இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 50 பிரதிக்கு 10,000. மேசைக் காசு, ரயில், சாப்பாடு எல்லாவற்றிலும் உங்கள் பங்கு 5,000 என்று வையுங்கள். மொத்தம் 15,000. விலை 400 என்றால் 38 பிரதி போனால்தான் கைக்காசு திரும்பும். 500 என்றால் 30 போதும். எந்த விலை போட்டாலும் போகிற வருகிற செலவைச் சேர்த்துத்தான் போடவேண்டும். முதல் தடவை வருகிற பிள்ளைகள் அச்சுச் செலவை மட்டும் பார்த்து 250 என்று எழுதி வைத்துவிட்டு, பின்னேரம் கை வெறுமையாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு பிரதியில் "பார்க்கும் பிரதி" என்று எழுதி மேசையின் முன் விளிம்பில் வையுங்கள். சனம் கையில் எடுத்துப் புரட்டாத புத்தகம் விற்காது.

பண்டாரவன்னி

யானைக்காவல் நல்லதுதான். ஆனால் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை பிடித்த வன்னி அரசன் பண்டாரவன்னியனை ஏன் கீறக்கூடாது? 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது, அதே வருடம் ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையோடு நடந்த சண்டை, கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் நட்ட கல். படம் கீறுவதற்கென்றே பிறந்த கதை!

இரணைமடு_நிழல்

அண்ணா, எங்களில் ஒட்டுசுட்டான் பிள்ளை அதைத்தான் கீறுகிறாள். கற்சிலைமடு அவளுக்குப் பக்கத்து ஊர். பிரித்தானியச் சிப்பாய்களின் உடுப்பு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று தேடி எடுத்துவிட்டாள். வன்னியனின் ஆட்கள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்பதற்குத்தான் படம் ஒன்றும் கிடைக்கவில்லை. கோயில் கூத்து உடுப்பைப் பார்த்துக் கீற அவளுக்கு விருப்பமில்லை. வயல் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துக் கீறுகிறாள்.

அச்சுக்கூடத்தான் (கிளிநொச்சி)

பிள்ளை, இது முழுக்க இரவுக் கதை. அப்படியென்றால் உங்கள் முதல் பிரச்சினை விலையுமில்லை, மொழியுமில்லை. கறுப்பு. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

50 பிரதி என்றால் ஓப்செற் (பிளேட் செய்து அடிக்கிற அச்சு) கட்டாது, பிளேட் செலவே தின்றுவிடும். டிஜிற்றல் அல்லது நல்ல லேசர் போட்டோக்கொப்பிதான். அந்த மெஷினில் முழுப் பக்கத்தையும் கறுப்பாக நிரப்பினால் ஒரே சீராக விழாது. நடுவில் சாம்பல் வரி ஓடும், ஒரு மூலை வெளிறும். மடிக்கிற இடத்தில் டோனர் (மைத்தூள்) வெடித்து, கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கீறலாகத் தெரியும். நாலு தரம் புரட்டினால் கையிலும் ஒட்டும். ஆகவே இரவை நிரப்பாதீர்கள், கோடு போட்டுக் கட்டுங்கள். குறுக்குக்கோடு, புள்ளி, லாந்தரைச் சுற்றி விட்ட வெள்ளை. தடித்த கறுப்பு வேண்டிய இடத்தில் மடிப்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி நிறுத்துங்கள். யானையைக் கறுப்பால் நிரப்பி வானத்தைக் கோட்டால் போட்டாலே இரவு வந்துவிடும்.

ஸ்கான் பண்ணும்போது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள், பிறகு தனிக் கறுப்பு, தனி வெள்ளையாக மாற்றிவிடுங்கள். சாம்பல் இருந்தால் மெஷின் அதைப் புள்ளிகளாக உடைக்கும், மெல்லிய கோட்டின் ஓரம் அரித்ததுபோல வரும்.

பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்கவேண்டும், 16 சரி. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். உள்பக்கத்துக்கு நாலு தாள், அட்டைக்கு ஒன்று. 50 பிரதிக்கு உள்தாள் 200, அதாவது 500 தாள் கட்டில் பாதிகூடப் போகாது. தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 100 கிராம்) எடுங்கள். 70, 80இல் பின்பக்கக் கறுப்பு முன்பக்கம் தெரியும், இரவுக் கதைக்கு அது கூடாது.

16 பக்கப் புத்தகத்தில் 8ஆம் 9ஆம் பக்கங்கள் மட்டுந்தான் ஒரே தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும். இரண்டு பக்கத்துக்கும் விரிகிற படம் இருந்தால் அங்கே வையுங்கள், விலகாது. வேறெங்கே வைத்தாலும் இடது பாதி ஒரு தாளில், வலது பாதி இன்னொரு தாளில். மில்லிமீற்றர் கணக்கில் ஏறி இறங்கி யானையின் முதுகு முறிந்துவிடும்.

ஓரம் வரைக்கும் படம் போகவேண்டுமென்றால் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டிக் கீறி, ஏ3 தாளில் அடித்து வெட்டவேண்டும். ஏ4இல் நேரே அடித்தால் மெஷின் ஓரத்தில் வெள்ளை விடும். காசு குறைவென்றால் அந்த வெள்ளையை ஏற்றுக்கொண்டு படத்தைக் கட்டத்துக்குள்ளேயே நிறுத்துங்கள், அதுவும் வடிவாகத்தான் இருக்கும்.

கடைசியாக எழுத்து. எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை நடக்கிறது. நீங்கள் யூனிகோடில் தட்டிக் கொடுத்தால் அங்கே திறக்கும்போது எழுத்து மாறிப்போகும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அல்லது எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுங்கள். ஒரு பிரதி அடித்து மடித்துக் கையில் பார்க்காமல் மிச்சம் அடிக்கச் சொல்லவே வேண்டாம்.

இரணைமடு_நிழல்

அண்ணா, கோடி நன்றி. விரிந்த படம் 6, 7இல் வைத்திருந்தேன். இரண்டு பக்கம் தள்ளினால் யானை வேலியை முறிக்கிற கட்டம் சரியாக நடுவுக்கு வருகிறது. கதைக்கும் அதுதான் நல்லது.

எழுத்துக்கு இன்னொரு கேள்வி. நான் கீறுகிற செயலியில் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் பிரிந்துபோய் நிற்கிறது.

முரசுமோட்டை

சில செயலிகளுக்குத் தமிழ் எழுத்துச் சேர்க்கை தெரியாது. போட்டோஷொப்பின் பழைய பதிப்பென்றால் அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துக்கான தெரிவைப் போட்டுவிட்டுச் செயலியை மூடித் திறந்தால் சரிவரும். காசில்லாமல் வேண்டுமென்றால் படத்தை கிறிற்றாவில் கீறிவிட்டு, பேச்சை மட்டும் இங்க்ஸ்கேப்பில் போடுங்கள்.

ஆனால் நான் கையால் எழுதச் சொல்வேன். படத்துக்குப் போட்ட அதே பேனையால் எழுதினால் எழுத்தும் படமும் ஒன்றாக நிற்கும். ஒன்று மட்டும்: பேச்சுக் குமிழைப் படத்துக்கு முன்னமே கீறுங்கள். "வந்துகொண்டிருக்கினம்" என்று ஒரு சொல் எழுதவே குமிழ் அகலமாக வேண்டும். படம் முடிந்த பிறகு இடம் தேடினால் அம்மப்பாவின் முகத்துக்கு மேல்தான் எழுதவேண்டி வரும்.

முல்லை_ரீச்சர்

பிள்ளையின் மாதிரிப் பக்கம் பார்த்தேன். பரணின் கட்டு, லாந்தரின் கண்ணாடி, பேத்தியின் போர்வை எல்லாம் பார்த்துக் கீறியது என்று தெரிகிறது. யானையை மட்டும் பார்க்காமல் கீறியிருக்கிறீர்கள் அம்மா. இவ்வளவு நீளத் தந்தம் எங்கிருந்து வந்தது? இலங்கையில் ஆண் யானைகளிலேயே நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் தந்தம் உண்டு. வயலுக்குள் இறங்குவது பெரும்பாலும் தனித்துத் திரிகிற ஆண் யானை, அதுவும் தந்தமில்லாதது. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று இந்தப் பக்கத்தைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்கும். கொழும்பில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஊர்ப் பிள்ளைக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று நினைத்துக் கீறினால்தான் அது வன்னிக் கதை.

சித்திரம் படிப்பிக்கிறவள் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கிற கொமிக்ஸ் எல்லாம் வேறெங்கோ நடக்கிற கதை. அதில் பிழையில்லை, நாங்களும் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வாசித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் தன் வீட்டு வேலியும் தன் குளக்கட்டும் ஒரு கட்டத்துக்குள் கீறப்பட்டிருப்பதைப் பார்க்காத பிள்ளைக்கு, தானும் கீறலாம் என்ற எண்ணம் வர நாளெடுக்கும். ஆகவே உங்கள் 50 பிரதியில் ஒரு 15ஐ ஊருக்கென்று எடுத்து வையுங்கள்.

சிலந்தி_மை

கசப்பாக இருந்தாலும் சொல்லவேண்டும். கொழும்பு மேசையில் ஓடுவது ஜப்பானியக் கதாபாத்திரங்களின் படமும் ஸ்ரிக்கரும்தான். சொந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். மேசைக் காசை எடுக்க நாலைந்து ரசிகர் படம் அடித்து வையுங்கள். எல்லோரும் செய்வதுதானே.

மேசைக்காரன்

எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கீறியவருக்கு உரிமை தானாகவே வருகிறது, பதியத் தேவையில்லை. ஆள் இருக்கும்வரையும், இறந்த பிறகு 70 வருடமும் அது நிற்கும். இன்னொருவரின் கதாபாத்திரத்தை அடித்து விற்க அவருடைய அனுமதி வேண்டும். அதே சட்டம் இந்தப் பிள்ளையின் அம்மப்பாவையும் பேத்தியையும் காப்பாற்றுகிறது. நாளைக்கு யாரோ அந்தப் பேத்தியை எடுத்து ரீ-சேர்ட்டில் போட்டால் நாங்கள்தானே கத்துவோம்?

மேசைக்குக் கண்ணை இழுக்க ஏதாவது வேண்டுமென்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த 8, 9ஆம் பக்கப் படத்தைப் பெரிதாக ஏ3இல் அடித்துத் தொங்கவிடுங்கள். அதே யானையைச் சிறிய ஸ்ரிக்கராக அடியுங்கள். புத்தகம் வாங்கப் பணமில்லாத பாடசாலைப் பிள்ளை ஸ்ரிக்கர் வாங்கும்.

சிலந்தி_மை

ஸ்ரிக்கர் யோசனை நல்லது. ஆனாலும் நான் சொன்னதிலிருந்து மாறவில்லை. முதல் தடவையே நட்டப்பட்டால் பிள்ளைகள் இரண்டாவது புத்தகம் கீறமாட்டார்கள். எனக்கு அதுதான் பயம்.

முரசுமோட்டை

ஜப்பானில் ரசிகர்களும் மாணவர்களும் சொந்தமாக அச்சடித்து விற்கிற கொமிக்கெட் 1975 டிசம்பரில் தோக்கியோவில் தொடங்கியபோது 32 குழுக்கள்தான் மேசை போட்டன. வந்தவர்கள் 700 பேர் அளவில். இன்று லட்சக்கணக்கில் போகிறார்கள். ரசிகர் படமும் சொந்தக் கதையும் அங்கே பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் இருக்கின்றன.

ஸ்காபரோ_மாமா

பிள்ளைகளுக்கு வாழ்த்து. இங்கே ரொறன்ரோவில் 2003இலிருந்து கொமிக் கலை விழா ஒன்று நடக்கிறது. மாணவர்கள் மெல்லிய புத்தகங்களோடு இருப்பார்கள், பத்துப் பக்கம், பன்னிரண்டு பக்கம். தமிழில் ஒரு புத்தகம் அந்த மேசைகளில் என் கண்ணில் படவில்லை. எனக்குப் பத்துப் பிரதி வேண்டும், தபால் செலவு என்னுடையது. தமிழிலேயே இருக்கட்டும், என் பிள்ளைகளுக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.

இரணைமடு_நிழல்

மாமா, கண் கலங்கிவிட்டது. மொழியைப் பற்றித்தான் நாங்கள் இன்னும் அடிபடுகிறோம். கொழும்பில் வாங்குகிறவர்களில் கனபேர் தமிழ் வாசிக்கமாட்டார்கள். பேச்சே இல்லாமல் கீறலாமோ என்றும் ஒரு யோசனை. இரவு, காவல், யானை, பெரிதாகக் கதைக்க என்ன இருக்கிறது?

முல்லை_ரீச்சர்

பேச்சை எடுக்கவேண்டாம் அம்மா. காவல் கொட்டிலில் முதியவர்கள் நித்திரை வராமல் இருக்கத்தான் விடிய விடியக் கதைப்பார்கள். பழைய வெள்ளம், செத்த மாடு, யார் யாரைக் கலியாணம் செய்தார்கள் என்ற கதையெல்லாம் அங்கேதான் வரும். அம்மப்பா வாய் மூடியிருந்தால் அது வேறு யாரோ ஒரு கிழவர். வன்னிப் பேச்சிலேயே எழுதுங்கள், புத்தகத் தமிழில் கதைக்கவிடாதீர்கள்.

மேசைக்காரன்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. புத்தகம் தமிழில். ஒரு தனித்தாளில் பக்கம், கட்டம் இலக்கமிட்டுச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேச்சுகளை அடித்து உள்ளே செருகிக் கொடுங்கள். ஒரு ஏ4, இரண்டு பக்கமும். கேட்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் செலவும் குறைவு. சிங்கள நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள், மெஷின் மொழிபெயர்ப்பு வேண்டாம். அங்கே சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகை வாசித்து வளர்ந்த பழைய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தவுடன் நின்று கதைப்பார்கள்.

மாங்குளம்_சந்தி

போர்க்கதை பற்றிக் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

2019இல் "வன்னி" என்ற பெயரிலேயே ஆங்கிலத்தில் ஒரு சித்திர நாவல் வந்தது. பென்ஜமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சி பொல்லொக் கீறியது. டிக்ஸ் போர்க்காலத்தில் ஐ.நா. பணியாளராக இங்கே இருந்தவர், தப்பியவர்களின் சாட்சியங்களை வைத்துச் செய்தார்கள். பாரமான, நேர்மையான வேலை. ஆனால் உலகத்தில் வன்னி என்று தேடினால் கிடைக்கிற சித்திரக்கதை அது ஒன்றுதான் என்றிருப்பது எங்களுக்குச் சரியில்லை. எங்கள் பிள்ளைகள் கீறுகிற யானையும் குளமும் சைக்கிள் கடையும் அதற்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அதேநேரம் போரைத் தொடவே கூடாது என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த அம்மப்பாவின் வயதில் இந்த மண்ணில் இருக்கிற ஒருவர் எதைக் கடந்து வந்தவர் என்பது அவருடைய உடம்பிலேயே இருக்கும். யானைவெடி வெடிக்கும்போது அவர் என்ன செய்வார்? அதை யோசித்துக் கீறுங்கள். ஆனால் மேசைக்கு வருகிறவர் கேட்கிறார் என்பதற்காக ஒரு கட்டமும் சேர்க்காதீர்கள். உங்கள் வீட்டு ஆட்களின் கதையை எடுத்தால் அவர்களிடம் கேட்டு, முகத்தை மாற்றிக் கீறுங்கள். அவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கவேண்டும்.

இரணைமடு_நிழல்

அண்ணா, 11ஆம் பக்கத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டு அம்மப்பா பேத்தியின் காதைப் பொத்துகிறார், தன்னுடைய காதை இல்லை. அடுத்த கட்டத்தில் பற்றைக்குள் பழைய மிதிவெடிப் பலகை, மண்டையோட்டில் பாதி துரு. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படியே விடப்போகிறேன்.

மாங்குளம்_சந்தி

விடுங்கள். நல்லது.

முல்லை_ரீச்சர்

ஊரில் விற்பதைப் பற்றி. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் கண்காட்சி, போட்டி எல்லாம் நடக்கும். அதிபரிடம் முன்கூட்டிக் கேட்டு ஒரு மேசை போடலாம். பாடசாலையில் 500 ரூபாவுக்கு விற்கமுடியாது, அதற்கு மலிவான தாளில், அட்டையும் அதே தாளில் ஒரு பதிப்பு அடியுங்கள். அன்றைக்கே ஒரு தாளை மடித்து எட்டுப் பக்கப் புத்தகம் செய்வது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தால் அதிபர் மறுக்கமாட்டார். வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வருகிற சனத்தைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் அந்த நெரிசலில் புத்தகம் விரித்துப் பார்க்க இடமிருக்காது. கடைக்காரர் ஒருவரோடு கதைத்து ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள்.

அச்சுக்கூடத்தான்

மலிவுப் பதிப்பென்றால் 80 ஜிஎஸ்எம் தாள்தான். பின்பக்கம் கொஞ்சம் தெரியும், பறவாயில்லை. 2022இல் தாளே இல்லாமல் மேல்மாகாணத்தில் பரீட்சையைத் தள்ளிவைத்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது இப்படி ஒரு வேலையை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

இரணைமடு_நிழல்

நாங்கள் நாலு பேரும் இருந்து கதைத்தோம். ஆளுக்கு 50, அதில் 10 ஸ்காபரோ மாமாவுக்கு, 15 ஊருக்கு, மிச்சம் கொழும்புக்கு. விலை 500. மலிவுப் பதிப்பை வாசிப்பு மாதத்துக்குத் தனியாக அடிப்போம். ரசிகர் படம் வேண்டாம் என்று மூன்று பேர், வேண்டும் என்று ஒருத்தி. அவள் தன் பங்குக்கு என்ன செய்வாள் என்பதை அவளே முடிவெடுக்கட்டும். தந்தத்தை அழித்துவிட்டேன் ரீச்சர், யானை இப்போதுதான் எங்கள் யானையாக இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல்: புத்தகத்தின் நடு மடிப்பில் பின் அடிக்க எங்களிடம் இருக்கிற ஸ்ரேப்ளர் எட்டவில்லை.

அச்சுக்கூடத்தான்

அதற்கு நீளக்கை ஸ்ரேப்ளர் வேண்டும், என்னிடம் இருக்கிறது. கடைப் பக்கம் வாருங்கள். இல்லையென்றால் நடு மடிப்பில் மூன்று துளை போட்டு ஊசிநூலால் தையுங்கள், நடுத் துளையில் தொடங்கி நடுத் துளையிலேயே முடிச்சுப் போடவேண்டும். மெழுகு பூசிய நூல் நல்லது.

முரசுமோட்டை

நூல் என்றால் தைக்க நானும் வருகிறேன். எந்தக் கிழமை?